குரலில் வாழும் நகைச்சுவை

நூல்களைப் படித்துச் சுவைப்பது ஒரு கலை. பிறர் சொல்லக் கேட்டுச் சுவைப்பதும் ஒரு கலையே. படிக்கும் கலையை வளர்க்கப் பள்ளிகளும் நூலகங்களும் இருக்கின்றன. கேட்கும் கலையைப் பற்றி நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. காது இருந்தால் கேட்டுவிடலாம் என்று கருதிவிடுகிறோம். கண் உள்ளவர் எல்லாரும் ஓவியத்தைச் சுவைத்துவிடுகிறார்களா? இல்லை. அதுபோலவே காது உள்ளவர் எல்லாரும் பேச்சைச் சுவைத்துவிடுவதில்லை. இந்த உண்மையை நமக்கு எளிதில் உணர்த்துவது நகைச்சுவைக் கதை.

கதை சொல்வதில் வல்லவர் ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒரு கதை சொல்கிறார். கூடியிருப்போர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். அக்கதையை ஒருவர் அப்படியே எழுத்தில் வடித்து மறுநாள் நமக்குக் காட்டுகிறார். ஒரு சொல்லும் குறையவில்லை. எனினும் படிக்கும் நமக்குப் புன்முறுவல் மட்டுமே தோன்றுகிறது; சில வேளைகளில் அதுவும் தோன்றுவதில்லை. கதை மாறவில்லை; சொற்களும் மாறவில்லை. பின்னர், குறைந்தது எது? குரல் குறைந்துவிட்டது. எழுத்து அக்கதையின் உடல். குரலே அதன் உயிர்.

குரல் செய்யும் வேலைகள் பல. ‘நீ நேற்று நன்றாகப் பாடினாய்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதனை மனமாரச் சொன்னால் பாராட்டு. ‘நன்றாக’ என்பதைச் சற்றே நீட்டிச் சொன்னால் அதே தொடர் கேலியாகிவிடும். ‘நீ’ என்பதை அழுத்திச் சொன்னால், மற்றவர் எவரும் நன்றாகப் பாடவில்லை என்பது பொருளாகும். ‘நேற்று’ என்பதை அழுத்தினால், இன்று பாடியது நன்றாக இல்லை என்று குத்திக் காட்டுவதாகும். எழுத்தில் இவை யாவும் ஒரே வரிதான். அழுத்தம், நீட்டம், விரைவு, தயக்கம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகிய இவையே ஒரு வரியைப் பல பொருளுக்கு உரியதாக்குகின்றன.

இவை எல்லாவற்றினும் ஆற்றல் மிக்கது ஒன்று உண்டு. அது சொல் அன்று; சொல்லில்லாத இடைவெளி. பேசுவோன் ஒரு கணம் நிறுத்துகிறான், கேட்போர் அடுத்து வருவது யாதென எதிர்நோக்குகின்றனர், அந்த நொடியில் அவர்கள் எதிர்பாராத சொல் வந்து விழுகிறது, சிரிப்பு வெடிக்கிறது. நிறுத்தம் சற்றுக் குறைந்தால் கேட்போர் மனம் ஆயத்தமாக இராது. சற்று மிகுந்தால் வரப்போவதை அவர்களே கண்டுகொள்வார்கள். இந்த அளவை எந்த நிறுத்தற்குறியாலும் எழுத்தில் காட்ட இயலாது.

இதனை நன்கு உணர்ந்திருந்தவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். அவர் நூல்கள் எழுதியதோடு, மேடைகளில் நகைச்சுவைச் சொற்பொழிவுகள் ஆற்றியும் உலகப் புகழ் பெற்றவர். 1896-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் வந்து, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் பேசினார். கதை சொல்லும் முறையைப் பற்றி 1895-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நகைச்சுவைக் கதையின் வெற்றி, சொல்லப்படும் பொருளைவிடச் சொல்லும் முறையையே பொறுத்தது என்பது அவர் கருத்து. சொல்பவன் தன் கதையில் சிரிப்பதற்கு ஏதேனும் இருப்பதாகவே அறியாதவன்போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், நிறுத்தத்தின் அளவு சிறிதும் பிழையலாகாது என்றும் அவர் வலியுறுத்துகிறார். அதற்குச் சான்றாகப் பேய்க்கதை ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். இறந்துபோன மனைவியின் பொற்கையைப் பேராசையால் எடுத்து வந்துவிடுகிறான் ஒருவன். அதனைத் தேடிக்கொண்டு அவள் ஆவி வருகிறது. தன் பொற்கையை எடுத்தவர் யார் என்று கேட்கிறது. சொல்பவன் அவ்விடத்தில் சற்றே நிறுத்தி, கேட்போரில் மிக்க ஆர்வத்தோடு இருக்கும் ஒருவரை நோக்கித் திடீரெனப் பாய்ந்து விடையைக் கூவ வேண்டும். நிறுத்தம் சரியாக அமைந்தால் அவர் துள்ளி எழுவார், அவையோ சிரிக்கும். அளவு தவறினால் கதை வீணாகும்.

இத்தகைய வல்லவரின் குரலைக் கேட்க நமக்கு ஆவல் தோன்றுவது இயல்பே. ஆனால் அது இயலாது. ஏன் இயலாது என்பதை அறிய, ஒலிப்பதிவின் வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் பேச்சைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். ஓர் உருளையின்மேல் மெல்லிய வெள்ளீயத் தகட்டைச் சுற்றி, உருளையைக் கையால் சுழற்றிக்கொண்டே குழலில் பேசினார். குரலின் அதிர்வினால் ஓர் ஊசி தகட்டில் தடம் பதித்தது. அத்தடத்தின்மேல் ஊசியை மீண்டும் ஓட்டியபோது பேசிய குரல் திரும்பி வந்தது. அவர் அன்று சொன்னது ஒரு குழந்தைப் பாட்டின் அடிகள். அவற்றையும் பாடவில்லை, சொல்லவே செய்தார். எனவே, அக்கருவி முதன்முதல் நமக்குத் திருப்பித் தந்தது இசையை அன்று. பேச்சையே என்பது நினைவில் வைக்கத்தக்கது. அடுத்த ஆண்டு எடிசன் எழுதிய கட்டுரை ஒன்றில், அக்கருவியின் பயன்களை வரிசைப்படுத்தினார். பார்வையற்றோர்க்குப் பேசும் நூல்கள் அமைத்தல், பேச்சுக்கலை கற்பித்தல், குடும்பத்தாரின் குரல்களைக் காத்து வைத்தல் முதலியவை அவ்வரிசையில் இடம் பெற்றன.

ஆயினும் அந்த ஈயத்தகடு சில முறை ஒலித்ததும் தேய்ந்து பயனற்றுப்போயிற்று. பின்னர் மெழுகு உருளைகள் வந்தன. 1891-இல், கைவலியால் எழுத இயலாதிருந்த மார்க் ட்வைன் தம் நாவல் ஒன்றை இக்கருவியிடம் சொல்லிப் பதிவுசெய்து பார்த்தார். ஏறக்குறைய 48 உருளைகள் நிரம்பின. அவற்றுள் ஒன்றுகூட இன்று இல்லை. 1909-இல் அவர் தம் வீட்டின் வெளியே நடப்பதைப் படமாக எடுத்தனர். அப்படம் இன்றும் உள்ளது. ஆனால் அது பேசாப் படம். மறு ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய அண்டை வீட்டில் ஒரு காலத்தில் வாழ்ந்த நடிகர் வில்லியம் கில்லெட் என்பவர், 1934-இல் மார்க் ட்வைனைப் போலப் பேசிக் காட்டியது பதிவாகியுள்ளது. நமக்கு எஞ்சியது அந்த நிழல் மட்டுமே. அவர் எழுதிய நூல்கள் நம்மிடம் உள்ளன. அவர் அத்துணை அக்கறையோடு போற்றிய அந்த நிறுத்தம் மட்டும் நம்மிடம் இல்லை.

அவர் குரல் மறைந்தாலும், அக்காலத்தில் வேறு சில கதைசொல்லிகளின் குரல்கள் நிலைபெற்றன. அவர்களுள் ஒருவர் கேல் ஸ்டூவர்ட். ‘அங்கிள் ஜாஷ்’ என்னும் நாட்டுப்புற முதியவராகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு, அம்முதியவர் நியூயார்க் நகரத்துக்கு வந்து படும் பாடுகளைக் கதைகளாகச் சொன்னார். 1890-களின் பிற்பகுதியில் தொடங்கி, 1919-இல் தாம் மறையும் வரையில் அவர் இக்கதைகளைப் பதிவு செய்துவந்தார். அந்நாளில் ஒலிவாங்கி இல்லை. பெரியதொரு கூம்புக் குழலின் முன் நின்று உரத்த குரலில் பேச வேண்டும். சில நிமிடங்களிலேயே கதை முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் உருளையிலோ தட்டிலோ இடம் இராது. எதிரே சிரிப்பதற்கு அவையும் இல்லை. ஆதலால் ஸ்டூவர்ட் தாமே சிரித்தார். கதையின் இடையிடையே அவர் சிரித்த நீண்ட சிரிப்பே அவருடைய அடையாளமாயிற்று. தொலைவில், தம் வீட்டில் தனியே அமர்ந்து கேட்பவரையும் அச்சிரிப்பு தொற்றிக்கொண்டது.

1913-இல் ஜோ ஹேமன் என்பவர் இலண்டனில் பதிவுசெய்த ‘தொலைபேசியில் கோகன்’ என்னும் பேச்சு வேறொரு வழியைக் காட்டியது. காற்றில் உடைந்துபோன சன்னற்கதவைப் பற்றி, வீட்டுக்கு உரியவரிடம் குடியிருப்பவர் தொலைபேசியில் முறையிடுகிறார். அவர் பேசுவது மட்டுமே நமக்குக் கேட்கிறது. மறுமுனையில் இருப்பவர் என்ன சொன்னார், எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பவற்றை நாமே ஊகித்துக்கொள்கிறோம். பாதிக் கதையைச் சொல்பவர் தருகிறார். மறுபாதியைக் கேட்பவர் ஆக்கிக்கொள்கிறார். காணொலி எதுவும் செய்ய இயலாத ஒன்றைத் தனிக் குரல் இங்குச் செய்துவிடுகிறது.

காலப்போக்கில் கருவிகள் திருந்தின. 1925 முதல் மின்சார ஒலிவாங்கியைக் கொண்டு பதிவு செய்யும் முறை பரவியது. மெல்லிய குரலும் பெருமூச்சும்கூடப் பதிவாயின. 1948-இல் நீண்ட நேரம் ஒலிக்கும் இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பக்கத்திலேயே 20 நிமிடங்களுக்குமேல் பேச்சைக் கேட்கலாயிற்று. அதன் பயனாக, ஒரு கூட்டத்தில் நிகழும் பேச்சை அவையோரின் சிரிப்போடு முழுமையாகப் பதிவு செய்யும் வழக்கம் வளர்ந்தது. 1960-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பாப் நியூஹார்ட் என்பவரின் பேச்சு அவ்வாறு பதிவாயிற்று. கணக்கராக வேலை பார்த்திருந்த அவர், அத்தகைய அரங்கில் அதற்குமுன் பேசியதே இல்லை. அவரும் பழைய தொலைபேசி உத்தியையே கையாண்டார். ஆபிரகாம் லிங்கனுக்கு விளம்பர ஆலோசகர் ஒருவர் இருந்து, தாடியை மழித்துவிட வேண்டா என்று அவருக்குத் தொலைபேசியில் அறிவுரை கூறினால் எப்படி இருக்கும்? லிங்கனின் குரல் நமக்குக் கேட்பதில்லை. ஆலோசகர் பேசுகிறார், நிறுத்துகிறார், மீண்டும் பேசுகிறார். அந்த நிறுத்தத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. அவ்விசைத்தட்டு அமெரிக்காவில் பெரும் விற்பனையாகி, 1961-இல் அந்நாட்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதையும் பெற்றது.

இத்தகைய பதிவுகளில் அவையோரின் சிரிப்பும் கலையின் ஒரு பகுதியாகும். நல்ல பேச்சாளர் சிரிப்பு எழும்போது பேசுவதில்லை. அது தணியும் வரையிலும் காத்திருப்பதில்லை. அலை இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த சொல்லை விடுகிறார். ஒலிப்பதிவைக் கூர்ந்து கேட்டால், பேச்சாளரும் அவையும் ஒருவரையொருவர் நடத்திச் செல்வதை உணரலாம்.

நம் தமிழ்நாட்டிலும் இக்கலை புதியதன்று. கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் கோயில் விழாக்களில் மக்களை விடிய விடியக் கேட்கச் செய்தவை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அக்காலட்சேப வடிவத்தையே நகைச்சுவைக்கு உரியதாக்கினார். நந்தனார் சரித்திரத்தை அடியொற்றி அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதை, 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ என்னும் திரைப்படத்தில் இடம்பெற்றது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சிறுவன் ஒருவன் பல தடைகளைக் கடந்து கல்வி கற்று, கல்வி அதிகாரியாக உயரும் கதை அது. சிரித்துக்கொண்டே கேட்கும் மக்கள், சிரிப்பு ஓய்ந்தபின் சிந்திக்கவும் செய்தனர். கலைவாணர் 1957-இல் மறைந்தார். அவர் குரல் மறையவில்லை.

திருமுருக கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவுகள் ஒலிநாடாக்களாக இல்லந்தோறும் பரவின. 1993-இல் அவர் மறைந்த பின்னரும் அவற்றைக் கேட்போர் பலர். புராணக் கதையை நடத்திச் செல்லும்போதே, முன்வரிசையில் அமர்ந்த சிறுவர்களை நோக்கி அவர் வினாக்களைக் கேட்பார். விடை கூறியவர்க்குப் பரிசும் தருவார். பாட்டும் கதையும் வினாவும் நகையும் அவர் பேச்சில் மாறி மாறி வரும்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ என்னும் சிறு நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் வழங்கியவர், 2009-இல் மறைந்தார். காலை வேளையில் சில நிமிடங்களே ஒலிக்கும் அப்பேச்சு, ஒரு செய்தியில் தொடங்கிச் சிறியதொரு வேடிக்கைக் கதையில் முடியும். அவர் குரலில் பரபரப்பு இராது. ஊர்த்திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல நிதானமாக இருக்கும். நாம் சிரிப்போம், அவர் சிரிப்பதில்லை. சிரிப்பதற்கு ஏதும் இருப்பதாக அறியாதவன்போலச் சொல்ல வேண்டும் என்று மார்க் ட்வைன் வகுத்த நெறி, கடல் கடந்து வாழ்ந்த இத்தமிழரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது. அவர் கதைகள் அச்சு நூல்களாகவும் வந்துள்ளன. முதலில் நூலைப் படித்து, பின்னர் அக்கதையையே அவர் குரலில் கேட்டுப் பாருங்கள். உடலுக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

மாணவர்களே! இத்தகைய பதிவுகளைக் கேட்பதற்கும் சில முறைகள் உண்டு. முதலாவது, வேறு வேலை செய்துகொண்டே கேளாதீர்கள். நகைச்சுவை நுண்மையானது, ஒரு சொல் தவறினாலும் சுவை தவறிவிடும். இரண்டாவது, முதன்முறை கேட்கும்போது ஆராய வேண்டா, மகிழ்ச்சிக்காகவே கேளுங்கள். மூன்றாவது, அதனையே மறுமுறை கேளுங்கள். இம்முறை, எந்த இடத்தில் சிரித்தோம், அதற்குமுன் பேச்சாளர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். குரலைத் தாழ்த்தினாரா? விரைந்தாரா? நிறுத்தினாரா? நான்காவது, அக்கதையை நீங்களே பிறர்க்குச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் வருந்த வேண்டா. மீண்டும் பதிவைக் கேட்டு, எங்கே தவறியது என்று காணுங்கள். நல்ல பேச்சாளர் ஆவதற்கு இதைவிடச் செலவில்லாத பள்ளி வேறு இல்லை.

கேட்கும்போது நம் அறிவும் விழித்திருத்தல் வேண்டும். பழைய பதிவுகள் சிலவற்றில், பிறர் பேசும் முறையையும், இனத்தையும், குடிப்பிறப்பையும் இகழ்ந்து எழுப்பிய சிரிப்பு உண்டு. மேலே கூறிய கோகனின் பேச்சிலும், அயல்நாட்டிலிருந்து குடியேறிய யூதர் ஒருவர் ஆங்கிலத்தைத் திருத்தமாகப் பேச இயலாமையே நகைப்புக்கு இடமாகிறது. அதன் அமைப்பைப் போற்றலாம், இகழ்ச்சியைப் போற்றலாகாது. எளியோரைப் புண்படுத்தும் நகை நகையன்று. கலைவாணரைப்போலத் தீமையைப் பார்த்துச் சிரிப்பதே மேலான நகை.

ஒலிப்பதிவிலும் குறை உண்டு. பேச்சாளரின் கண்ணும் கையும் முகமும் அதில் இல்லை. எனினும் குரல் மட்டும் வருவதால், மற்றவற்றை நம் மனம் தானே வரைந்துகொள்கிறது. அங்கிள் ஜாஷின் முகத்தை ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்பப் படைத்துக்கொள்கின்றனர்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. பதிவாகிவிட்டதனாலேயே ஒரு குரல் அழியாது என்று எண்ணலாகாது. மெழுகு உருளையில் பூஞ்சை படரும். கீழே விழுந்தால் உடையும். இசைத்தட்டு தேயும். ஒலிநாடா ஈரத்தாலும் வெப்பத்தாலும் கெடும். நாடா நன்றாக இருந்தாலும், அதனை ஒலிக்கச் செய்யும் கருவி கிடைக்காமற்போகும். ஆதலால் பழைய பதிவுகளை எண்முறைக்கு மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காத்து வைக்கின்றனர். நம் ஊர்களில் எத்தனையோ பேழைகளில் கோயில் சொற்பொழிவுகளும், வில்லுப்பாட்டுகளும், பள்ளி விழாப் பேச்சுகளும் அடங்கிய நாடாக்கள் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றின் பெயரையும் ஆண்டையும் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவற்றை எடுத்துப் பார்ப்பது நம் கடமை.

எடிசன் தம் கட்டுரையில் குடும்பத்தாரின் குரலைக் காத்தலையும் ஒரு பயனாகக் கூறினார் அல்லவா? அவர் காலத்தில் அதற்கு அரிய கருவி வேண்டியிருந்தது. இன்று நம் வீட்டுக் கைப்பேசியே அதனைச் செய்துவிடும். நம் பாட்டியார் சொல்லும் கதைகள் எந்த நூலிலும் இல்லாதிருக்கலாம். அவற்றை எழுதி வைத்தாலும், அவர் சொல்லும்போது எழும் தயக்கமும், இழுவையும், கதை முடியுமுன்னே அவருக்கே வந்துவிடும் சிரிப்பும் ஏட்டில் ஏறமாட்டா. அவர் இசைவைப் பெற்று, அவர் அருகில் அமர்ந்து, ஒரு கதையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊரையும் நாளையும் சொல்பவர் பெயரையும் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். அப்பதிவின் ஒரு படியை வேறோரிடத்திலும் காத்து வையுங்கள்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களுக்குப் பின் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். அதன்பின்னரே அறிவுடைமையை வைத்தார். கல்வியிலிருந்து அறிவுக்குச் செல்லும் வழியில் கேள்வி நிற்கிறது. அவர் காலத்தில் கேட்பதற்குச் சொல்பவர் எதிரில் இருக்க வேண்டும். நம் காலத்தில் மறைந்தவரும் நமக்காகப் பேசுகின்றனர். மார்க் ட்வைனின் நிறுத்தத்தை நாம் இழந்துவிட்டோம். நம்மைச் சூழ்ந்து இன்று ஒலித்துக்கொண்டிருக்கும் குரல்களையேனும் இழந்துவிடாமல் கேட்போம்; கேட்டு மகிழ்வோம்; மகிழ்ந்ததைக் காப்போம்.